முந்தைய ஆய்வுகளை எழுதுவது எப்படி?

‘அவர் சொன்னார், இவர் சொன்னார்’ என்று ஆய்வேட்டின் ‘முந்தைய ஆய்வுகள்’ பகுதியில் நான் அடுக்கிய இருபது பக்கத்தை, “மளிகைப் பட்டியலா?” என்று திருப்பித் தந்தார் மேற்பார்வையாளர். அப்புறம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நூலுக்கும் எக்செல்லில் கட்டம் போட்டேன்: கேள்வி, காலம், சான்று, விடுபட்டது.

என் தலைப்பு மலேசியத் தோட்டத் தமிழர். 1969-இல் ஆய்வாளர் கெர்னியல் சிங் சந்து எழுதியது நாடு தழுவிய குடியேற்ற வரலாறு. 1970-இல் ரவீந்திர ஜெயின் எழுதியது ஒரு தோட்டத்தில் தங்கிப் பார்த்தது. தனித்தனிப் பத்தி வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ‘சந்து குடிபெயர்வைக் காட்டுகிறார், ஜெயின் அன்றாட வாழ்க்கையை. பின்னாளில் தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூர் அடுக்குமாடிக்கு வந்தவர்களை இருவருமே பார்த்திருக்க முடியாது.’ அந்தக் கடைசி வரிதான் உங்கள் ஆய்வு நுழையும் வாசல்.

குறிப்பு எடுக்கும்போதே நூலின் பக்க எண்ணையும் குறியுங்கள். நான் மறந்துவிட்டு, எல்ஆர்டி ரயில் ஏறி மூன்று முறை நூலகத்துக்கு அலைந்தேன்.