போன் யார் கையில் இருக்கிறது?

கிராமத்துக் கர்ப்பிணிகளுக்கு மொபைல் வழியாக உதவலாம் என்றதும் பலரும் முதலில் ஆப் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் போன் உள்ள இந்தியப் பெண்கள் 54 சதவீதம்தான். இணையத்தை ஒருமுறையாவது தொட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு. அப்புறம் ஆப்பை யார் திறப்பார்கள்?

2016-ல் மத்திய அரசு தொடங்கிய ‘கில்காரி’ இந்தத் தவறைச் செய்யவில்லை. கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஒரு இலவசக் குரல் அழைப்பு, மொத்தம் 72. பட்டன் போன் போதும், படிக்கத் தெரிய வேண்டாம்.

சரி, அழைப்பு போகிறது. யாருக்கு? பதிவேட்டில் இருப்பது பல வீடுகளில் கணவரின் எண். அவர் பீகாரிலிருந்து பஞ்சாபுக்கு அறுவடைக்குப் போயிருந்தால், இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி அவர் அங்கே கேட்டுக்கொண்டிருப்பார். கணினியோ ‘அழைப்பு ஏற்கப்பட்டது’ என்று குறித்துக்கொள்ளும். இந்தக் கணக்கை நம்பி வெற்றி அறிவிப்பதுதான், என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு. பதிவு செய்யும்போதே ‘இது யாருடைய போன், எந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்கும்?’ என்று கேட்டுவிட வேண்டும். மும்பையின் ஆர்ம்மான் தொண்டு அமைப்பு கர்ப்பிணிகளுக்காக நடத்தும் ‘எம்மித்ரா’ குரல் அழைப்புச் சேவையில் அழைப்பு வரும் நேரத்தைப் பெண்ணே சொல்லலாம். போன் பொதுவில் இருக்கும் வீட்டுக்கு ரத்தப் பரிசோதனை முடிவைக் குறுஞ்செய்தியில் அனுப்பவே கூடாது. மாமியாரும் படிப்பார்.

செவிலியரை மறப்பது இன்னொரு தவறு. நோட்டில் எழுதியதையே டேப்லெட்டிலும் ஏற்றச் சொன்னால், கர்ப்பிணியிடம் பேச வேண்டிய நேரம் அதிலேயே போய்விடும்.

செய்தி ஒருவழியாகவும் இருக்கக் கூடாது. 2014-ல் தென்னாப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்காகத் தொடங்கிய ‘மாம்கனெக்ட்’ மொபைல் செய்திச் சேவையில் தாய்மார்கள் கேள்வி கேட்கலாம், மருத்துவமனையில் சரியாக நடத்தவில்லை என்றால் புகாரும் சொல்லலாம்.

கடைசி மாதவிடாய்த் தேதியைத் தவறாகப் பதிந்தால் எட்டாம் மாதச் செய்தி ஆறாம் மாதத்திலேயே வரும். அதையாவது பிறகு திருத்திவிடலாம். கரு கலைந்துபோன வீட்டுக்கு ‘உங்கள் குழந்தை இப்போது அசையத் தொடங்கியிருக்கும்’ என்று அடுத்த வாரமும் குரல் கேட்டால்? அழைப்பை நிறுத்தும் வழியை முதல் நாளே வடிவமைப்பில் சேர்க்க வேண்டும். நிறுத்தச் சொல்லி அந்தப் பெண் போன் செய்யட்டும் என்று விட்டுவிடக் கூடாது. இழப்பைப் பதியும் செவிலியரே அந்த இடத்திலேயே நிறுத்த முடிய வேண்டும்.