வில்லின் கால் நகர மறுத்தபோது

கோண்டாவிலில் மாமாவின் பட்டறையில் டீசீ (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்) வெல்டிங் நடக்கும்போது, தகட்டின் மூலைக்கு வந்ததும் கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்வில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பொறி சிதறும். தகட்டில் ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலம் அங்கே சமமாக இருக்காது. அந்தச் சாய்வைக் கணினியில் கணக்கிட்டுக் காட்ட முயன்றேன். வில்லின் நடு அழகாக வளைந்தது. தகட்டைத் தொடும் கால் மட்டும் அசையவே இல்லை. புலத்தைக் கூட்டியும் பார்த்தேன், அப்படியே நின்றது.

மாமாவிடம் சொன்னேன். "தம்பி, கறன்ற் எதாலை போகுதெண்டு முதல் பார்" என்றார்.

சரி, பார்த்தேன். கணக்கிடுவதற்காக இடத்தைச் சிறு கலங்களாகப் பிரித்திருந்தேன்; தகட்டை ஒட்டிய கலங்களில் காற்று குளிர்ந்து கிடந்தது. குளிர்ந்த காற்று மின்னைக் கடத்தாது. பல ஆயிரம் கெல்வின் ஏறினால்தான் கடத்தும். கால் புது இடத்துக்குப் போக வழியே இல்லை. தகட்டருகே 0.1 மில்லிமீற்றர் படலம் ஒன்றுக்கு மட்டும் கடத்துதிறனைத் தனியாகக் கொடுத்தேன். கலங்களையும் அங்கே சிறிதாக்கி நெருக்கினேன். அன்றிரவே கால் நகர்ந்தது.