டீசல் காரின் கரி பில்டர்: மடிக்கணினியை இணைத்துப் பார்க்கும் முறை

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே நாள்தோறும் குறுந்தூரம் மட்டுமே ஓடும் டீசல் காரில், புகைக்குழாய் போதிய அளவு சூடேறாததால், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் பில்டர் விரைவில் அடைத்துக்கொள்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திராமல், ஸ்டியரிங்கின் கீழுள்ள ஓபிடி (OBD) எனும் பழுதறியும் சொக்கெட்டில் மடிக்கணினியை இணைத்து, வாகனத்துக்குரிய மென்பொருளில் கரியின் அளவையும் சாம்பலின் அளவையும் பில்டரின் இருபுறத்து அழுத்த வேறுபாட்டையும் பாருங்கள். கரி எரியும், சாம்பல் எரியாது. ஆகவே சாம்பல் நிறைந்த பில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோதான் வேண்டும். எஞ்சின் ஓடாமல் சுவிட்ச் மட்டும் போட்டிருக்கையில் அழுத்த வேறுபாடு பூச்சியத்தை ஒட்டி இல்லையென்றால், பில்டரைக் குறைசொல்லுமுன் சென்சரையும் அதன் ரப்பர் குழாய்களையும் சோதியுங்கள்.

பில்டரில் சேர்ந்த கரியைச் சூட்டால் எரித்துத் தீர்ப்பதே மீளெரிப்பு. அதன்போது பில்டர் ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை சூடேறும் என்பதால், வாகனத்தை நிறுத்திவைத்து அதைச் செய்வதானால் கராஜுக்குள் வேண்டாம். காய்ந்த மானாப்புல்லோ சருகோ இல்லாத வெட்டவெளியே தகுந்தது. வாகனம் அனுமதித்தால், ஓட்டத்திலேயே செய்வதை நான் விரும்புவேன்: புசல்லாவையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது எஞ்சின் தொடர்ந்து பாரம் இழுப்பதால் சூடு குறையாது, இறக்கத்திலோ அக்சிலரேட்டரை விட்டதும் டீசல் நின்று புகைக்குழாய் ஆறிவிடும். இடையில் எஞ்சினை நிறுத்தாதீர்கள். முடிந்தபின் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஒயில் உயர்ந்திருந்தால் அதில் டீசல் கலந்திருக்கக்கூடும், உடனே மாற்றிவிடுங்கள்.