ஆறுகிற தேநீரை வைத்து ஒரு வகைக்கெழுச் சமன்பாடு

வகைக்கெழுச் சமன்பாட்டை, அதாவது ஓர் அளவு எந்த வேகத்தில் மாறுகிறது என்று சொல்லும் சமன்பாட்டைப் பார்த்ததும் பலரும் எந்தச் சூத்திரம் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன், அது என்ன சொல்கிறது என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று, இங்கே விடை ஓர் எண் அல்ல, ஒரு சார்பு, அதாவது எந்த நேரத்துக்கும் அந்த அளவைத் தரும் சூத்திரம்.

கணக்கு இதுதான்: அறை வெப்பநிலை 30 டிகிரி. 80 டிகிரியில் ஊற்றிய தேநீர் 10 நிமிடத்தில் 55 டிகிரிக்கு வந்துவிட்டது. 40 டிகிரிக்கு எப்போது வரும்?

படி 1: வாக்கியமாக்குங்கள். 1701-ல் வெளியான நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, அறையைவிடத் தேநீர் எவ்வளவு அதிகச் சூடோ, அதற்கு நேர்விகிதத்தில் சூடு குறையும். அந்த வித்தியாசத்தை வி என்றும், நிமிடத்தை நே என்றும் வைத்துக்கொள்வோம்.

வி மாறும் வேகம் = −கே × வி

கே ஒரு மாறிலி. சூடு குறைவதால் கழித்தல் குறி.

படி 2: மாறிகளைப் பிரியுங்கள். வி உள்ளதெல்லாம் இடப்பக்கம், நே உள்ளது வலப்பக்கம்: (வி-யின் சிறு மாற்றம்) ÷ வி = −கே × (நே-யின் சிறு மாற்றம்).

படி 3: தொகையிடுங்கள்.

இயல் மடக்கை வி = −கே × நே + சி

சி என்பது தொகையிடும்போது சேரும் மாறிலி. இந்த வரியிலேயே அது வந்தாக வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, மடக்கையை நீக்கிய பிறகு கடைசியில் கூட்டினால் என்ன ஆகும்? தொடக்கத்தில் வி 50 என்பதால் சி 49 என்று வரும். அப்படியானால் எத்தனை மணி நேரம் போனாலும் தேநீர் 79 டிகிரிக்குக் கீழே இறங்காது! உரிய இடத்தில் போட்டால், அதே சி பெருக்கலாக மாறிவிடும்:

வி = 50 × ஈ^(−கே × நே)

ஈ என்பது இயல் மடக்கையின் அடிமானம், சுமார் 2.718.

படி 4: கே-யைக் கண்டுபிடியுங்கள். 10 நிமிடத்தில் வி 50-லிருந்து 25 ஆனது. எனவே கே = (இயல் மடக்கை 2) ÷ 10, அதாவது சுமார் 0.0693. தேநீர் 40 டிகிரி என்றால் வி 10. அது 50-ல் ஐந்தில் ஒரு பங்கு. எனவே நே = (இயல் மடக்கை 5) ÷ கே = 1.609 ÷ 0.0693, சுமார் 23.2 நிமிடம்.

படி 5: சரிபாருங்கள். இதை மட்டும் விடவே விடாதீர்கள். வி 10 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது: 20-ஆம் நிமிடத்தில் 12.5, 30-ல் 6.25. நமக்கு வேண்டிய 10 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, சரி. விடையை வகையிட்டும் பாருங்கள், −கே × வி அப்படியே திரும்பி வரும்.

இனி நீங்களே ஒன்று செய்யுங்கள். கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் சிதைந்து பாதியாகக் குறைய சுமார் 5,730 ஆண்டுகள் ஆகும். சமன்பாடு இதேதான். பழைய மரத்துண்டு ஒன்றில் அது நான்கில் ஒரு பங்குதான் மிச்சம் என்றால், மரத்தின் வயது என்ன?