டிஃபைலாமா பட்டியலை நான் பார்க்கும் விதம்

போன மாதம் அக்கா மகன் கைபேசியை என் முன்னால் நீட்டினான். “சித்தி, இந்த டீஃபை திட்டம் லிஸ்ட்ல நல்ல இடத்துல இருக்கு. பணம் போடலாமா?” டீஃபை என்பது வங்கி இல்லாமல் வைப்பு, கடன், பரிமாற்றம் எல்லாவற்றையும் கிரிப்டோ நாணயங்களில் நிரல் வழியாகவே நடத்தும் ஏற்பாடு. அவன் காட்டிய லிஸ்ட், அத்தகைய திட்டங்களைத் தொகைவாரியாகப் பட்டியலிடும் டிஃபைலாமா என்ற இணையதளத்துடையது.

2021இல் நானும் இப்படி ஒரு திட்டம் காட்டிய மொத்த வைப்புத் தொகையை நம்பி 40,000 ரூபாய் போட்டிருக்கிறேன். திட்டத்தின் தளத்தில் முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருந்த தொகை அது. அதில் பெரும்பகுதி அவர்களே உருவாக்கிய டோக்கன் (கிரிப்டோ நாணயம்) என்பது பிறகுதான் தெரிந்தது. டோக்கன் விலை சரிந்தது, எனக்குத் திரும்பக் கிடைத்தது 3,000 சொச்சம். கூட்டுறவு வங்கியின் வைப்புப் பிரிவில் வருடக்கணக்காகப் பேரேடு எழுதியவள் நான். ஒரு மொத்தத் தொகை எந்தெந்த இனங்களால் ஆனது என்று கேட்பதுதான் என் வேலையே. அன்று அதைக் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. அதனால் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, டிஃபைலாமாவை எப்படிப் படிப்பது என்று காட்டினேன்.

முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடவேண்டாம். பட்டியலைப் பார்க்க வாலட்டை (கிரிப்டோ பணப்பையை) இணைக்கத் தேவையில்லை. அதைத் திறக்கும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை எந்தப் பக்கம் கேட்டாலும் உடனே மூடிவிடுங்கள்.

பட்டியல் திறந்ததும் வரிசைப்படுத்தியிருப்பது டிவிஎல் என்ற தொகையை வைத்து. ஒரு திட்டத்தின் ஒப்பந்தங்களில் (பணத்தைப் பிடித்துவைக்கும் நிரல்களில்) எவ்வளவு மதிப்புக்கு டோக்கன்கள் இருக்கின்றன என்பதுதான் அது. லாபமும் இல்லை, பாதுகாப்புச் சான்றும் இல்லை. முதலில் வகையைத் தேர்ந்தெடுத்து வடிகட்டுங்கள். ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தை ஸ்டேக் செய்து, அதாவது வெகுமதிக்காகப் பூட்டிவைத்துத் தரும் லிடோவையும் கடன் கொடுக்கும் ஆவேயையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. கடன் திட்டங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள்: வெளியே போன கடனைக் கழித்துவிட்டுத்தான் இந்தத் தளம் டிவிஎல் காட்டும். 100 டாலர் வைப்பு வந்து 60 டாலர் கடனாகப் போயிருந்தால் 40 என்றே தெரியும். கடனையும் சேர்த்துப் பார்க்கத் தனிப் பொத்தான் இருக்கிறது.

அடுத்து, திட்டத்தின் பெயரைத் தட்டி உள்ளே போங்கள். நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். ஸ்டேக்கிங், பூல்2 என்று பொத்தான்கள் இருக்கும். திட்டத்தின் சொந்த டோக்கனைப் பூட்டிவைத்திருப்பது இங்கே ஸ்டேக்கிங்; சொந்த டோக்கனை இன்னொன்றோடு ஜோடி சேர்த்துப் போட்டிருப்பது பூல்2. இரண்டையும் டிஃபைலாமா முதலில் காட்டும் டிவிஎல் தொகையில் சேர்ப்பதில்லை. அவற்றை இயக்கிப் பாருங்கள். தொகை இரண்டு மூன்று மடங்காக எகிறினால், அந்தத் திட்டம் விளம்பரத்தில் சொல்லும் தொகை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். 2021இல் நான் பார்த்திருக்கவேண்டியது இதைத்தான்.

அதே பக்கத்தில் வரைபடத்தை டாலரிலிருந்து ஈதருக்கு மாற்றலாம். டோக்கன்களின் எண்ணிக்கையையும் தனியே பார்க்கலாம். 2021 நவம்பரில் 4,800 டாலரைத் தொட்ட ஈதர் 2022 ஜூனில் 1,000 டாலருக்குக் கீழே இறங்கியது. ஈதர் மட்டுமே வைத்திருந்த திட்டத்திலிருந்து யாருமே பணம் எடுக்காவிட்டாலும் டிவிஎல் ஐந்தில் ஒரு பங்காகத் தெரிந்திருக்கும். விலை ஏறும் காலத்தில் இதுவே தலைகீழ்: ஒரு புதிய வைப்பும் வராமல் தொகை வளர்ந்துகொண்டே போகும். வைப்பவர்கள் வருகிறார்களா, போகிறார்களா என்று அறிய எண்ணிக்கையைத்தான் பார்க்கவேண்டும்.

இரட்டிப்புக் கணக்கு அடுத்த சிக்கல். லிடோவில் ஈதரைப் போட்டால் எஸ்டிஈடிஎச் என்ற ரசீது டோக்கன் கிடைக்கும். அதைக் கொண்டுபோய் ஆவேயில் வைக்கலாம். ஒரே ஈதர் இரண்டு இடத்தில் பதிவாகும். இதை ஏமாற்று என்று சொல்லமுடியாது. ஆனால் வேண்டுமென்றே செய்தவர்களும் உண்டு. சொலானா என்ற பிளாக்செயினில் சேபர் திட்டத்தை உருவாக்கிய இயன் மக்காலினாவோ, 11 பொய்ப் பெயர்களில் வெவ்வேறு டெவலப்பர்களைப்போல வேடமிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகத் திட்டங்களை அடுக்கி ஒரே பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணவைத்தார். 2022 ஆகஸ்டில் காயின்டெஸ்க் இதை வெளிக்கொண்டுவந்தது. அதனால் ஒரு பிளாக்செயினில் உள்ள எல்லாத் திட்டங்களின் மொத்தத்தைப் பார்க்கும்போது இரட்டிப்புக் கணக்குப் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பக்கத்தின் அடியில் தொகையைக் கணக்கிட்ட முறையும் நிரலுக்கான இணைப்பும் இருக்கும். அந்த நிரலைப் பல சமயம் திட்டக்காரர்களே எழுதித் தருகிறார்கள், ஆகவே அந்த இரண்டு வரியைத் தவறாமல் படியுங்கள்.

இனி வருமானம். கட்டணம், வருவாய் என்று இரண்டு பத்திகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல: திட்டத்தின் வழியாக வரும் மொத்தம் கட்டணம், அதில் திட்டம் தனக்கென்று வைத்துக்கொள்வது வருவாய். லிடோ வழியாக வரும் ஸ்டேக்கிங் வெகுமதி முழுவதும் கட்டணத்தில் வரும்; அதிலிருந்து அது பிடித்துக்கொள்வது 10 சதவீதம்தான். டோக்கன் பரிமாற்றத் திட்டமான யூனிஸ்வாப்பின் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வாங்கிய 0.3 சதவீதம் பல வருடம் முழுக்கவே பணம் போட்டவர்களுக்குப் போனது.

வட்டிப் பக்கத்துக்கு வந்தால் அக்கா மகனின் கண் நேராகப் பெரிய சதவீதத்துக்குத்தான் போனது. அங்கேயும் பிரித்துப் பாருங்கள்: அடிப்படை வட்டி எவ்வளவு, டோக்கனாகக் கொடுக்கும் ஊக்கத்தொகை எவ்வளவு. டெர்ரா என்ற பிளாக்செயினில் ஆங்கர் என்ற வைப்புத் திட்டம் ஏறத்தாழ 20 சதவீதம் கொடுத்தது. கடன் வாங்கியவர்களிடமிருந்து வந்த வருமானம் அதற்குப் போதவில்லை. கையிருப்பு கரைந்து, 2022 பிப்ரவரியில் சுமார் 45 கோடி டாலர் மதிப்புக்கு வெளியிலிருந்து ஊற்றினார்கள். மே மாதம் டெர்ராவே விழுந்தது. வைப்பவருக்கு வருடத்துக்குக் கொடுக்கவேண்டியதையும் உள்ளே வருவதையும் ஒரு காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே அந்தப் பள்ளம் தெரிந்திருக்கும். எங்கள் வங்கியில் கடைநிலை எழுத்தர்கூடப் போடக்கூடிய கணக்கு.

கடைசியாக, திருட்டுகளைப் பட்டியலிடும் ஹேக் பக்கம். பெயரைத் தேடி, எப்போது, எவ்வளவு, எந்த வழியில் போனது என்று பாருங்கள். பலமுறை தணிக்கை செய்யப்பட்ட ஆய்லர் என்ற கடன் திட்டத்திலேயே 2023 மார்ச்சில் கிட்டத்தட்ட 20 கோடி டாலர் போனது. பெரும்பகுதி திரும்பி வந்தது என்பது அபூர்வம்.

அக்கா மகனின் திட்டத்தில் ஸ்டேக்கிங் பொத்தானை இயக்கியதும் தொகை நான்கு மடங்கானது. அவன் நோட்டில் தேதி போட்டு, ஈதர் எண்ணிக்கை, ஸ்டேபிள்காயின் (டாலர் போன்றவற்றின் விலையோடு கட்டிய டோக்கன்) எண்ணிக்கை, வாரக் கட்டணம் மூன்றையும் எழுதிக்கொண்டான். எட்டு ஞாயிற்றுக்கிழமை இதையே எழுதிவிட்டு வா, அதுவரை பணம் போடாதே என்று சொல்லியிருக்கிறேன். இப்போது மூன்றாவது வாரம்.