800 கலோரி டயட்: சுகர் உள்ளவர்கள் செய்யும் ஆபத்தான தவறுகள்

நாளைக்கு 800 கலோரி சாப்பிட்டால் சுகர் போய்விடும் என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. அது கட்டுக்கதை இல்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றி டாக்டர்கள் செய்த ஏற்பாடுகளை எல்லாம் விட்டுவிட்டு வீட்டிலேயே தொடங்குகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

2011-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லரின் குழு, பெரும்பாலானவர்களுக்கு வருகிற டைப் 2 சுகர் உள்ள 11 பேருக்கு 8 வாரம் நாளைக்குச் சுமார் 600 கலோரி மட்டும் கொடுத்தது. ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மலுக்கு வந்துவிட்டது. அப்புறம் 2017-ல் வெளியான டைரக்ட் ஆய்வு. ஸ்காட்லாந்திலும் நியூகாசிலைச் சுற்றியுள்ள டைன்சைட் பகுதியிலும் டைப் 2 உள்ள 306 பேர்; அவர்களில் பாதிப் பேருக்கு 3 முதல் 5 மாதம் நாளைக்கு 825 முதல் 853 கலோரி. ஒரு வருடம் கழித்து டயட் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோ, அதற்கு மேல் இளைத்தவர்களில் அது 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைவதால்தான் இது நடக்கிறது.

இதில் உயிருக்கே ஆபத்தான தவறு மாத்திரை விஷயத்தில்தான் நடக்கிறது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, டோஸைக் குறைக்காமல் சாப்பாட்டை மட்டும் பாதிக்குக் கீழே குறைத்தால் சுகர் தடாலென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, தூக்கத்தில் இது நேர்ந்தால் யாருக்கும் தெரியாமலேயே மயக்கம் வரை போகும். டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் சிக்கல் வேறு. சாப்பாடு ரொம்பக் குறையும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடலாம், ஆனால் சுகர் மெஷினில் எண் பெரிதாக ஏறியிருக்காது, அதனால் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் ‘டயட்டால் வரும் சோர்வு’ என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். அப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரஷர் மாத்திரையும் அப்படியே தொடர்ந்தால் எழுந்து நின்றதும் தலை சுற்றி விழலாம்.

டைரக்டில் முதல் நாளே சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தினார்களே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் நிறுத்தியது அவரவர் கிளினிக்கில் இருப்பவர்கள், அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்ததும் அவர்கள்தான், இன்சுலின் போடுகிறவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆகவே எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது என்று உங்கள் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் ஒரு நாள்கூடத் தொடங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும், உடலில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகிற டைப் 1 உள்ளவர்களுக்கும் இது கூடவே கூடாது. கண் பரிசோதனையும் முதலிலேயே முடிந்திருக்க வேண்டும். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் சர்க்கரை வேகமாக இறங்குவது அதை மோசமாக்கலாம்.

அடுத்தது, கஞ்சித் தண்ணியைக் குடித்து ஒரு ஆப்பிளைச் சாப்பிட்டுவிட்டு ‘800-க்குள் இருக்கிறேன்’ என்பது. டைரக்டில் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுத்த ஷேக்கிலும் சூப்பிலும் கலோரியில் கால்வாசிக்கு மேல் புரதம், கூடவே தேவையான வைட்டமின், தாது உப்பு. புரதம் இல்லாமல் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும், அதிலும் வயதானவர்களுக்குப் போன தசை லேசில் திரும்பாது. வேறு சிலர் இதைச் சோற்றை ஒதுக்கும் கீட்டோ டயட் என்று நினைத்து முட்டை, பன்னீர், நெய் என்று போகிறார்கள். அந்த ஷேக்கில் கலோரியில் 59 சதவீதம் மாவுச்சத்துதான்! வேலை செய்தது மொத்தக் கலோரியின் குறைவு. வீட்டுச் சாப்பாட்டில் அந்தக் கணக்கை உடைப்பது பெரும்பாலும் எண்ணெய். தாளிக்க ஊற்றுகிற ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி, மூன்று பொரியலுக்கு ஊற்றினால் அன்றைய கணக்கில் கிட்டத்தட்டப் பாதி அங்கேயே போய்விட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். மலச்சிக்கலும் தலைவலியும் வரத்தான் செய்யும். வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம், வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்து இழுக்கும் வலி வந்தால் வாயு என்று விட்டுவிடாதீர்கள்.

ஏழாம் நாள் சுகர் 100-க்குக் கீழே வந்ததும் கொண்டாடி நிறுத்திவிடுவதும் நிறைய நடக்கிறது. முதல் வாரத்தில் சரியானது கல்லீரல். நியூகாசில் ஆய்வில் கணையத்தின் கொழுப்பு குறைந்து, இன்சுலின் சுரப்பு பழைய வேகத்துக்கு வர 8 வாரம் ஆனது.

நான் ஒல்லி, எனக்கு இது பொருந்தாது என்பதும் முழுக்கச் சரியில்லை. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 27-க்குக் கீழே இருந்த 20 பேரிடம் அதே நியூகாசில் குழு ரீட்யூன் என்ற ஆய்வில் பார்த்தபோது 14 பேர் மாத்திரையை விட்டு மீண்டார்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு எடை பெரிதாக ஏறாமலேயே சுகர் வருகிறது என்பதால் இது முக்கியமான செய்தி. ஆனால் ஒல்லியாக இருந்து, காரணமே இல்லாமல் இளைத்துக்கொண்டிருப்பவருக்கு வந்தது டைப் 2-தானா என்றே முதலில் பார்க்க வேண்டும். காலமும் ஒரு கணக்கு. சுகர் வந்து 4 வருடத்துக்குள் இருந்தவர்களில் 60 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இறங்கிய இன்னொரு நியூகாசில் ஆய்வில், 8 வருடம் தாண்டியவர்களில் அது 21 சதவீதம். இருபது வருட சுகர்காரரிடம் நிச்சயம் போய்விடும் என்று சொல்வது அநியாயம்.

என் பார்வையில் எல்லோரும் கோட்டை விடுவது டயட் முடிந்த மறுநாள். டைரக்டில் 2 முதல் 8 வாரம் எடுத்து, சாப்பாட்டை ஒவ்வொரு வேளையாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எடை 2 கிலோ ஏறினாலே ஓரிரு வேளைக்குத் திரும்ப ஷேக், 4 கிலோ ஏறினால் முழு டயட். அவ்வளவு செய்தும் 46 சதவீதம் 2 வருடத்தில் 36 ஆனது, 5 வருடம் தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களில் 13 தான் மிஞ்சியது. எடை திரும்பினால் சுகரும் திரும்பும். அதனால் வாரம் ஒரு நாள் எடை பாருங்கள். மாத்திரையை விட்டு மூன்று மாதம் கழித்தும் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்த டெஸ்ட்) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ரெமிஷன் என்று டாக்டர்கள் சொல்வார்கள், அதற்குப் பிறகும் வருடத்துக்கு ஒரு முறையாவது அந்த டெஸ்ட்டோடு கண், கால், கிட்னி பரிசோதனையும் நடக்க வேண்டும்.