டம்ளரில் பிடித்துப் பாருங்கள்

ஊட்டியில் குழாய் வேலை பார்க்கிறேன். "தண்ணி சரியில்லைண்ணா" என்று யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னலோரம் வைத்துவிடுவேன். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் அது இரும்பு. போர் தண்ணீரில் கரைந்திருப்பது, காற்று பட்டதும் துருவாகிறது. இன்னொரு சோதனை நம்ம ஊருக்குத் தோதானது: பால் ஊற்றாமல் டீ போடுங்கள். மை மாதிரி கறுத்தால் சந்தேகமே வேண்டாம், தேயிலையின் டானின் இரும்பைக் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரை உயரத்திலிருந்து ஷவர் போலத் தொட்டியில் விழவிட்டு, ராத்திரி முழுக்கத் தெளியவைத்து, மணல் வடிகட்டியில் விட்டால் பெரும்பாலும் குறையும்.

காலையில் முதல் வாளி மட்டும் சிவப்பு, அப்புறம் தெளிவு என்றால் கிணற்றைத் திட்டாதீர்கள். பழைய ஜி.ஐ. பைப்தான் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ளே துருப்பிடித்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் ஒரு வீட்டில் நானே தொட்டியை இரண்டு தடவை கழுவியிருக்கிறேன்.

சுடுதண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றமா? கீசர் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும், பெரும்பாலும் அதனால்தான் நாற்றம். மெக்கானிக்கிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீர் கலங்கினால் கிருமியும் சேர்ந்து வரும். துணியில் வடிகட்டிக் கொதிக்கவையுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால் குமிழி வந்ததும் இறக்காமல் 3 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள்.